சிறுவர் கால்பந்தில் ஆஃப்சைடு: வளவுத் தரையிலிருந்து மைதானம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மைதானங்களில் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்க வந்து நிற்கும் பெற்றோர்களில் பெரும்பாலோர் ஆஃப்சைடு விதியை ஓரளவு அறிந்தே இருக்கிறார்கள்: சக வீரர் பந்தை ஆடும் கணத்தில், எதிரணியின் பாதியில் பந்தையும் பின்னாலிருந்து இரண்டாவது எதிராளியையும்விடக் கோல் கோட்டுக்கு அருகில் நின்றவர் அந்த ஆட்டத்தில் ஈடுபடக் கூடாது என்பதே அது. ஆனாலும் கொடி உயர்ந்தவுடன் பாதிப் பேர் நடுவரைப் பார்த்துச் சத்தம் போடுகிறார்கள். பந்து வந்து சேர்ந்த இடத்தை முதலில் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி யோசிப்பதே இதற்குக் காரணம். விதியைச் சரிபார்க்க ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை தலைகீழானால் விடையும் தலைகீழாகிவிடும்.

10 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிப்பவர்களுக்கும், ஓரத்தில் கொடி பிடிக்க முன்வரும் பெற்றோர்களுக்கும் உரியது இந்த வழிகாட்டி. படிகளை இங்குள்ள வரிசையிலேயே செய்து பாருங்கள். நேரம் இல்லை என்று தரைப் பயிற்சியை விட்டுவிட்டு நேராக மைதானத்துக்குப் போன பயிற்சியாளர்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி தரைக்கே திரும்பியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் பிள்ளைகள் ஆடப்போகும் போட்டியில் ஆஃப்சைடு உண்டா என்பதைப் போட்டி நடத்துபவரிடம் முதலில் கேளுங்கள். சிறு வயதினருக்கான குறைந்த ஆள் ஆட்டங்களில் இவ்விதியை விட்டுவிடுவதும் மாற்றி வைப்பதும் உண்டு. உள்ளரங்கில் ஆடும் ஃபுட்சால் ஆட்டத்தில் இவ்விதி அறவே கிடையாது.

இணையத்தில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துக் கற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 8 வயதுக்கு உட்பட்டோரின் 4 பேர் ஆட்டத்தில் ஆஃப்சைடு இல்லை. 9, 10 வயதினரின் 7 பேர் ஆட்டத்தில் நடுக்கோட்டுக்கும் பெனால்ட்டி பகுதிக்கும் (கோலுக்கு முன்னுள்ள பெரிய கட்டம்) இடையே தனியாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகே ஆஃப்சைடு பார்க்கிறார்கள். அந்தக் கோட்டை நம் ஊர் மைதானத்தில் தேடினால் கிடைக்காது. கீழே சொல்வதெல்லாம் 11 பேர் ஆடும் வழக்கமான ஆட்டத்துக்கான கால்பந்து விதிநூலின் 11ஆம் விதிப்படி (ஆஃப்சைடு பற்றிய விதி).

தேவையான பொருள்கள் மிகக் குறைவு. தரைப் பயிற்சிக்கு ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டை, பல்லாங்குழிச் சோழிகள் சில, பந்தாக வைக்க ஒரு கொண்டைக்கடலை, நீளமான ஈர்க்குச்சி இரண்டு. மைதானத்தில் ஒரு விசில், சுண்ணாம்புத் தூள், அடையாளம் வைக்கக் கூம்புகள். கூம்பு இல்லாவிட்டால் பிள்ளைகளின் செருப்புகளே போதும்.

2. முதலில் தரை

வளவின் (வீட்டு உள்முற்றத்தைச் சுற்றிய தூண் வரிசைப் பகுதியின்) ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இதற்கு மிகப் பொருத்தமானது. கற்களின் இணைப்புக் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதால், கோல் கோட்டுக்கு இணையான கோடு என்றால் என்ன என்பதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. பூ வேலைப்பாடு அதிகமுள்ள கல்லைவிட ஒற்றை நிறக் கல் நல்லது. பூவின் நடுவே புளியங்கொட்டை கண்ணுக்குத் தெரியாது.

ஓர் இணைப்பைக் கோல் கோடாகவும், எட்டு வரிசை தள்ளி இன்னோர் இணைப்பை நடுக்கோடாகவும் வையுங்கள். புளியங்கொட்டைகள் தடுக்கும் அணி. சோழிகள் தாக்கும் அணி. கோல் கீப்பருக்கும் ஒரு கொட்டையை வைத்து, அதையும் மற்றக் கொட்டைகளைப் போலவே எண்ணச் சொல்லுங்கள்.

இப்போது கோல் கோட்டிலிருந்து எண்ணி, இரண்டாவதாக வரும் கொட்டையின் விளிம்பை ஒட்டி ஈர்க்குச்சியை இணைப்புக்கு இணையாக வையுங்கள். அந்த ஈர்க்குதான் அந்தக் கணத்தின் ஆஃப்சைடு கோடு. கொட்டையை நகர்த்தினால் ஈர்க்கும் நகரும். கோடு தரையில் வரையப்பட்டதன்று, எதிரணியினர் நகர நகர அதுவும் நகர்வது என்பதைப் பிள்ளைகள் தம் கையால் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே பெரும்பாலோர் செய்யும் பிழை, கோல் கீப்பரைத் தனியாக ஒதுக்கிவிட்டு ‘கடைசித் தடுப்பாட்டக்காரர்’ என்று சொல்லிக் கொடுப்பது. வழக்கமாகக் கீப்பர் பின்னால் நிற்பதால் இந்தச் சுருக்கம் பத்தில் ஒன்பது முறை சரியாகவே தெரியும். கீப்பர் பந்தைப் பிடிக்க முன்னால் ஓடி வந்து, கோல் கோட்டருகே ஒரே ஒரு தடுப்பாட்டக்காரர் மட்டும் நிற்கும்போது கணக்கு தவறிவிடும். அப்போது கடைசி ஆள் அந்தத் தடுப்பாட்டக்காரர். இரண்டாவது ஆள் கீப்பராகவோ வேறொருவராகவோ இருக்கலாம். எனவே தொடக்கத்திலிருந்தே ‘பின்னாலிருந்து இரண்டாவது எதிராளி’ என்றே சொல்லிப் பழக்குங்கள்.

3. நிற்கும் இடத்தை மூன்று கேள்விகளால் சோதித்தல்

ஒரு சோழி ஆஃப்சைடு இடத்தில் இருக்கிறதா என்பதற்கு மூன்று கேள்விகள். எளிதாகத் தள்ளக்கூடியது முதலில் வருமாறு இவற்றை அடுக்கியிருக்கிறேன். எந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

முதலாவது, அவர் எதிரணியின் பாதியில் இருக்கிறாரா? நடுக்கோட்டின் மேல் நிற்பவர் அந்தப் பாதியில் இருப்பவராகக் கணக்கில்லை.

இரண்டாவது, பந்தைவிட அவர் கோல் கோட்டுக்கு அருகில் இருக்கிறாரா? பந்துக்குப் பின்னால் இருப்பவர், எதிரே கீப்பர் ஒருவர் மட்டும் இருந்தாலும் ஆஃப்சைடு ஆக மாட்டார்.

மூன்றாவது, பின்னாலிருந்து இரண்டாவது எதிராளியைவிட அவர் கோல் கோட்டுக்கு அருகில் இருக்கிறாரா? சரிசமமாக நின்றால் அது ஆஃப்சைடு அன்று.

தலை, உடல், பாதம் ஆகியவற்றில் எந்தப் பகுதி முன்னால் இருந்தாலும் கணக்குண்டு. கையும் புயமும் கணக்கில் சேரா. அக்குளின் அடிப்பகுதிக்கு நேரே உள்ள மட்டத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் கை. இது கோல் கீப்பர் உட்பட எல்லாருக்கும் பொருந்தும். கையால் கோல் போட முடியாது என்பதால் கை முன்னால் நீண்டிருப்பதில் ஆதாயம் ஏதுமில்லை என்று சொன்னால் பிள்ளைகள் உடனே ஏற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டாவது கேள்வியில் ஒரு தவறான பாடம் ஊரெங்கும் உலவுகிறது: பின்னோக்கிக் கொடுத்த பாஸில் ஆஃப்சைடு கிடையாது என்பது. விதி பாஸ் செல்லும் திசையைப் பார்ப்பதே இல்லை. ஆள் நின்ற இடத்தைத்தான் பார்க்கிறது. பந்துக்கு முன்னால், ஆஃப்சைடு இடத்தில் நின்ற ஒருவர், பின்னோக்கி அடிக்கப்பட்ட பந்தை இறங்கி வந்து வாங்கினாலும் அது குற்றமே.

4. கால் பந்தைத் தொடும் கணம்

இந்த ஒரு படிக்கு மட்டும் மற்ற எல்லாப் படிகளுக்கும் சேர்த்து ஆகும் நேரத்தை ஒதுக்குங்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டியது, சக வீரர் பந்தை ஆடும் அல்லது தொடும் கணத்தில். பந்து போய்ச் சேரும் கணத்தில் அன்று. அந்த உதையின் முதல் தொடுகையே அளவு. கீப்பர் கையால் எறியும்போது மட்டும் பந்து கையை விட்டுப் பிரியும் கடைசித் தொடுகையைக் கொள்ள வேண்டும்.

தரையில் இதைக் காட்டும்போது, கடலையை நகர்த்தும் முன் இரண்டாவது ஈர்க்குச்சியை சோழியின் முன் விளிம்பில் வைத்துவிடுங்கள். பிறகு சோழியையும் கொட்டைகளையும் விருப்பம்போல் நகர்த்துங்கள். இரண்டு ஈர்க்குகளை மட்டும் தொடாதீர்கள். எல்லாம் நின்றபின் பார்த்தால், சோழி எங்கோ இருக்கும், தீர்ப்பு ஈர்க்கில் இருக்கும்.

மைதானத்தில் இதையே ‘சிலை’ ஆட்டமாக ஆடுங்கள். நான்கு தாக்குவோர், மூன்று தடுப்போர், ஒரு கீப்பர். பாஸ் கொடுப்பவரின் கால் பந்தில் படும்போது நீங்கள் விசில் ஊதினால், பந்தைத் தவிர எல்லாரும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். பிள்ளைகளே சுற்றிப் பார்த்து யார் ஆஃப்சைடு இடத்தில் இருக்கிறார் என்று சொல்லட்டும். முதல் நாள் நடையில் மட்டும், இரண்டாம் நாள் மெல்லோட்டத்தில், அதன் பிறகே முழு வேகத்தில். முதல் நாளே ஓடவிட்டால் விசிலுக்குப் பிறகு ஒவ்வொருவரும் நான்கடி வழுக்கிச் சென்றுதான் நிற்பார்கள். அந்த நான்கடியில் பாடமே மறைந்துவிடும்.

இந்தப் பயிற்சியின்போது 11 வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “சார், நான் நின்னது தப்பா, ஓடுனது தப்பா?” கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நிற்பது தவறன்று, ஓடுவதும் தவறன்று. சரியான இடத்திலிருந்து புறப்பட்டு, பந்து வருவதற்குள் எல்லாத் தடுப்பாட்டக்காரர்களையும் தாண்டி ஓடினால் அது திறமை. ஆஃப்சைடு இடத்தில் நின்றபோது பாஸ் புறப்பட்டுவிட்டால், பிறகு பத்தடி பின்னால் வந்து வாங்கினாலும் அந்த இடம் ஆளைத் தொடர்ந்து வரும்.

சக வீரர் மறுபடி பந்தைத் தொடும்போது பழைய கணக்கு முடிந்து புதிய கணக்கு தொடங்குகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு சிலை. இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் வழி எனக்குக் கிடைக்கவில்லை.

5. ஆஃப்சைடு இடமும் ஆஃப்சைடு குற்றமும்

ஆஃப்சைடு இடத்தில் நிற்பது குற்றமாகாது. அங்கே நின்றவர் ஆட்டத்தில் ஈடுபட்டால்தான் குற்றம். இதை நான்காம் படிக்கு முன் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் ‘நான் பந்தைத் தொடலையே’ என்பதையே எல்லாவற்றுக்கும் விடையாகச் சொல்லத் தொடங்குவார்கள். அதனால்தான் இது ஐந்தாவதாக வருகிறது.

ஈடுபாடு மூன்று வகைப்படும். முதல் வகை, சக வீரரிடமிருந்து வந்த பந்தை ஆடுவது அல்லது தொடுவது, இதில் ஐயமில்லை.

இரண்டாம் வகை, எதிராளிக்கு இடையூறு செய்வது. கீப்பரின் பார்வையைத் தெளிவாக மறைத்து நிற்பது, பந்துக்காக எதிராளியோடு மோதுவது, அருகில் வரும் பந்தை ஆட வெளிப்படையாக முயன்று எதிராளியின் செயலைப் பாதிப்பது, எதிராளி பந்தை ஆடுவதைத் தெளிவாகப் பாதிக்கும் வேறு அசைவு எதையேனும் செய்வது ஆகியவை இதில் அடங்கும். கீப்பரின் கண்ணெதிரே நின்றவர் பந்தைத் தொடவே இல்லை என்றாலும் கோல் செல்லாது. மாறாக, பத்துக் கஜம் தள்ளி ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த பையனுக்காகக் கொடி உயர்த்தக் கூடாது.

மூன்றாம் வகை, அந்த இடத்தால் ஆதாயம் பெறுவது. சக வீரர் அடித்த பந்து கம்பத்திலோ குறுக்குக் கம்பத்திலோ நடுவர்மீதோ எதிராளிமீதோ பட்டுத் திரும்பி வந்தாலும், எதிராளி கோலைக் காப்பாற்றத் தட்டிவிட்டு வந்தாலும், முன்பே ஆஃப்சைடு இடத்தில் நின்றவர் அதை அடித்தால் குற்றம். சிறுவர் ஆட்டங்களில் மிக அதிகமாகச் சண்டை வருவது இங்கேதான், ஏனென்றால் கீப்பர் தட்டிய பந்து புதிய பந்து என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள்.

எதிராளி வேண்டுமென்றே பந்தை ஆடி, அது ஆஃப்சைடு இடத்தில் இருப்பவரிடம் போய்ச் சேர்ந்தால் மட்டும் குற்றமில்லை. காப்பாற்றும் முயற்சி இதில் சேராது. வேண்டுமென்றே ஆடினாரா, மேலே பட்டுத் திரும்பியதா என்பதை எப்படி அறிவது? பந்து தொலைவிலிருந்து வந்து அவருக்குத் தெளிவாகத் தெரிந்ததா, வேகம் குறைவாக இருந்ததா, எதிர்பார்த்த திசையிலிருந்து வந்ததா, உடலைத் திருப்பி நிற்க நேரம் இருந்ததா, தரையோடு வந்ததா என்று பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆம் என்றால் அது வேண்டுமென்றே ஆடியது. அவர் தவறாக உதைத்தாலும் அப்படியே. காலை மட்டும் பதறி நீட்டியபோது பட்டுச் சென்றால் அது வெறும் திரும்பல். 12 வயதுத் தடுப்பாட்டக்காரர்களைப் பொறுத்தவரை, பக்கத்திலிருந்து பாய்ந்து வந்த பந்தில் பெரும்பாலானவை திரும்பல்தான் என்பது என் கணிப்பு.

6. பந்து எப்படி ஆட்டத்துக்குள் வந்தது?

கோல் கிக் (தாக்கும் அணி கோல் கோட்டுக்கு வெளியே அனுப்பிய பந்தைத் தடுக்கும் அணி உதைப்பது), த்ரோ-இன் (பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிவது), கார்னர் கிக் (மூலையிலிருந்து உதைப்பது) ஆகிய மூன்றிலிருந்தும் நேரடியாகப் பந்தைப் பெறுபவர் எங்கே நின்றாலும் ஆஃப்சைடு குற்றமில்லை. ஃப்ரீ கிக் (ஒரு குற்றத்துக்காக எதிரணிக்குக் கிடைக்கும் உதை) இந்தப் பட்டியலில் இல்லை. த்ரோ-இன் விலக்கைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் ஃப்ரீ கிக்கையும் தாமாகவே சேர்த்துக்கொள்வதால், இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

‘நேரடியாக’ என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள். குட்டைக் கார்னரை நினைத்துப் பாருங்கள்: கார்னர் அடித்தவர் அருகிலிருக்கும் தோழருக்குப் பந்தைத் தள்ளிவிட்டு, கோல் கோட்டருகிலேயே நின்றுகொள்கிறார். தோழர் பந்தைத் திருப்பி அவருக்கே கொடுக்கிறார். அந்த இரண்டாவது தொடுகையின்போது அவர் பந்துக்கும் தடுப்பு வரிசைக்கும் முன்னால் இருக்கிறார், கொடி உயரும். கார்னர் அடித்தவுடன் மைதானத்துக்குள் நான்கைந்து அடி இறங்கி வந்து, பந்துக்குப் பின்னால் நிற்கப் பழக்கினால் இது தீர்ந்துவிடும்.

7. கொடி பிடிப்பவர் நிற்க வேண்டிய இடம்

பெற்றோர் ஒருவர் கொடி பிடிக்க ஒப்புக்கொண்டால், ஆஃப்சைடுக்கும் கொடி காட்ட வேண்டுமா, பந்து வெளியே போவதற்கு மட்டுமா என்பதை ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆஃப்சைடு பார்ப்பதென்றால், பின்னாலிருந்து இரண்டாவது எதிராளிக்கு நேராகவே எப்போதும் நிற்க வேண்டும். பந்து அவரையும் தாண்டிக் கோல் கோட்டை நெருங்கினால் பந்துக்கு நேராக. ஏன் என்பதற்கு நம் வீட்டு வளவே சாட்சி. தூண் வரிசைக்கு நேராக நின்று பார்த்தால் ஒரு தூண் பின்னாலிருக்கும் தூண்களையெல்லாம் மறைக்கும்; இரண்டடி விலகி நின்றால் ஒரே வரிசைத் தூண்கள் ஒன்றுக்கொன்று முன்னும் பின்னுமாகத் தெரியும். கோட்டுக்கு நேரில்லாதவர் கண்ணுக்குச் சமமாக நிற்பவரும் முன்னால் நிற்பதாகத் தோன்றலாம். நடுக்கோட்டருகே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கு எல்லாக் கோலும் ஆஃப்சைடாகத் தெரிவதன் இரகசியம் இதுதான்.

மைதானத்தை நோக்கியபடி பக்கவாட்டில் நகருங்கள். வேகமாக ஓட வேண்டியபோது மட்டும் முன்னோக்கி ஓடுங்கள். பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கோடு தவறும். கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் கால் பந்தில் படும் கணம் தவறும். அனுபவமுள்ளவர்கள் கோட்டைக் கண்ணிலும், உதைக்கும் ஓசையைக் காதிலும் வைத்துக்கொள்கிறார்கள்.

கொடியை உடனே உயர்த்தாதீர்கள். ஆஃப்சைடு இடத்தில் நின்றவர் பந்தை விட்டுவிட, சரியான இடத்திலிருந்து இன்னொருவர் ஓடி வந்து எடுக்கலாம். ஈடுபாடு உறுதியானபின் கொடியை நேராக மேலே உயர்த்தி அசையாமல் நில்லுங்கள். நடுவர் விசில் ஊதியதும், குற்றம் எதிர்ப்பக்கத்தில் என்றால் கொடியை மேல்நோக்கிச் சாய்த்தும், நடுவில் என்றால் கிடையாகவும், உங்கள் பக்கத்தில் என்றால் கீழ்நோக்கிச் சாய்த்தும் காட்டுங்கள்.

8. விசிலுக்குப் பிறகு

குற்றம் நிகழ்ந்த இடத்திலிருந்து எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். முதல் உதையிலேயே ஆஃப்சைடு ஆன அணியின் கோலுக்குள் போனால் அது கோலாகாது என்பதற்கு அடையாளமாக நடுவர் ஒரு கையை உயர்த்தியே வைத்திருப்பார். நிகழ்ந்த இடம் என்பது ஈடுபட்ட இடம். எனவே ஆஃப்சைடு இடத்திலிருந்து ஒருவர் தன் பாதிக்குத் திரும்பி வந்து பந்தை வாங்கினால், அவருடைய பாதியிலேயே எதிரணிக்கு ஃப்ரீ கிக் வழங்கப்படும்.

9. தடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை

எல்லாரும் ஒரே நேரத்தில் முன்னேறித் தாக்குபவரை ஆஃப்சைடில் விடும் உத்தியை இந்த வயதில் கற்பிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒருவர் பின்தங்கினால் மொத்தக் கோடும் உடைந்துவிடும். கையைத் தூக்கிக்கொண்டு நடுவரைப் பார்க்கும் பழக்கம் மட்டும் மிஞ்சும்.

கோல் கோட்டுக்கு வெளியே ஓடிப்போய்த் தாக்குபவரை ஆஃப்சைடு ஆக்கலாம் என்று ஒரு சிறுவனாவது கண்டுபிடிப்பான். அது பலிக்காது. நடுவரின் அனுமதியின்றி வெளியே சென்ற தடுப்பாட்டக்காரர், ஆட்டம் அடுத்து நிற்கும் வரை, அல்லது அவருடைய அணி பந்தை நடுக்கோட்டை நோக்கி ஆடி அது பெனால்ட்டி பகுதியைத் தாண்டும் வரை, அந்தக் கோட்டின் மேலேயே நிற்பவராகக் கருதப்படுவார்.

10. புரிந்ததா என்று சோதிக்க நான்கு நிலைகள்

தரையில் சோழிகளை அடுக்கி இவற்றைக் கேளுங்கள். விடையை மட்டும் ஏற்காமல், எந்தக் கேள்வியில் விடை கிடைத்தது என்பதையும் சொல்லச் செய்யுங்கள்.

முழுவதுமாகத் தன் பாதியில், நடுக்கோட்டுக்கு இப்பால் நின்றவர், பாஸ் புறப்பட்டபின் தனியாக ஓடிக் கோல் போடுகிறார். கோல் செல்லும், முதல் கேள்வியிலேயே முடிந்தது.

தோழர் அடித்த பந்தைக் கீப்பர் தட்டிவிடுகிறார். அடித்தபோதே ஆஃப்சைடு இடத்தில் இருந்தவர் அதை உள்ளே தள்ளுகிறார். குற்றம், காப்பாற்றும் தொடுகை பழைய கணக்கை அழிக்காது.

இரண்டு தாக்குவோர் கீப்பரைத் தவிர எல்லாரையும் தாண்டிவிட்டனர். பந்தை வைத்திருப்பவர் பக்கவாட்டில் தோழருக்குத் தள்ளுகிறார். தோழர் பந்துக்கு ஓரடி பின்னால் இருந்தார். கோல் செல்லும்; இரண்டாவது கேள்வி.

த்ரோ-இன்னிலிருந்து வந்த பந்தை ஒருவர் தலையால் முட்டுகிறார். அந்தக் கணத்தில் எல்லாத் தடுப்பாட்டக்காரர்களையும் தாண்டி, பந்துக்கும் முன்னால் நின்ற இன்னொருவர் அதை உள்ளே அடிக்கிறார். ‘த்ரோ-இன்தானே சார்’ என்று பாதிப் பேர் சொல்வார்கள். ஆஃப்சைடு, தலையில் பட்டபோது புதிய சிலை தொடங்கிவிட்டது. இதற்குத் தவறாக விடை சொன்னவர்களை மட்டும் நான்காம் படிக்குத் திருப்பி அனுப்புங்கள்.